தீர்ப்பு முந்திற்று, வழக்குப் பிந்திற்று

ஒற்றைச் சிலம்பை முதலாக வைத்து வாணிகம் தொடங்க மதுரைக்குள் நுழைந்தான் ஒருவன். பெருவணிகன் மகன்தான். ஆயினும் அன்று அவனிடம் கலமும் இல்லை, பண்டகசாலையும் இல்லை, கணக்கு எழுத ஓர் ஆளும் இல்லை. கையில் இருந்தது ஒரு காற்சிலம்பு. அதை விற்றுக் கிடைப்பதே முதல், அந்த முதலே வாழ்வு. இன்றைய வழக்கில் சொல்வதானால் அவன் ஒரு சிறுவணிகன். அரண்மனைப் பொற்கொல்லன் ஒரு சொல் சொன்னான். அரசன் ஒரு சொல் சொன்னான். காவலனின் வாள் மிச்சத்தை முடித்தது. விற்க வந்தவனைப் பார்த்து, ‘இது உனக்கு எப்படி வந்தது?’ என்று மன்னன் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வழக்கு பிறகுதான் நடந்தது. கணவனை இழந்தவள் மற்றொரு சிலம்பை ஏந்தி அவைக்குள் புகுந்தாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சான்று காட்டி வாதிட்டாள், வென்றாள். மதுரை மூதூரில் நாம் அறிந்த முதல் வழக்குரைஞர் ஒரு பெண் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அவள் பெற்ற வெற்றியால் கோவலன் எழுந்து வந்து கடை விரிக்கவில்லை. மன்னன் மாண்டான், மாநகர் எரிந்தது, கணக்கு தீர்ந்தது!

மதுரையிலே மன்றம் இல்லாமலா போயிற்று? மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, துலாக்கோல் போல் நடுநின்று நீதி சொன்ன அறங்கூறு அவையத்தைப் போற்றுகிறது. அதே பாட்டு, பூ விற்போரையும் வெற்றிலை விற்போரையும் சங்கு சுட்ட சுண்ணாம்பு விற்போரையும் நாளங்காடியில் நிறுத்திக் காட்டுகிறது. மதுரை மண்ணில் அவையும் உண்டு, அங்காடியும் உண்டு. அங்காடியில் அமர்ந்திருப்பவன் சார்பில் அவைக்குள் நின்று, ஆணை பிறக்குமுன் பேசுவதற்கு ஒருவர் உண்டா என்பதே நாம் எழுப்பும் வினா. காப்பியச் சுவை பேசுவதற்காக இதனை எழுதவில்லை. தறிக்காரரும் தீப்பெட்டிக்காரரும் தெருவோரக் கடைக்காரரும் அந்த வினாவை இன்றளவும் சுமந்து நிற்கிறார்கள் என்பதற்காக எழுதுகிறோம்.

அரசு சட்டம் செய்கிறது. செய்யத்தான் வேண்டும். எடையில் ஏய்ப்பவனை, உணவில் கலப்படம் செய்பவனை, தொழிலாளியின் கூலியில் கைவைப்பவனைச் சட்டம் பிடிக்காமல் வேறு எது பிடிக்கும்? ஆனால், ஒரே சட்டம் எல்லோர்க்கும் என்பது காதுக்கு இனிக்கும் அளவுக்குக் கணக்குக்கு இனிப்பதில்லை. ஒரு படிவத்தை நிரப்ப வேண்டுமென்றால் ஆலை முதலாளியிடம் அதற்கென்றே எழுத்தர் இருக்கிறார். செல்லூரில் தறிபோட்டவன் அதே படிவத்தை நிரப்ப ஒரு நாள் தறியைவிட்டு எழுந்தாக வேண்டும். எழுந்தால் அன்று கூலியில்லை. படிவம் ஒன்றே, விலை இரண்டு. இந்த இரண்டாவது விலையை ஆணை எழுதும் மேசையில் எடுத்துச் சொல்பவர் யார்? பெரிய ஆலைக்குத் தலைநகரில் ஆள் உண்டு. அரசுக்கு வழக்குரைஞர் உண்டு. சிறியவனுக்கு? அபராதச் சீட்டு வந்தபிறகு, அதனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவன் வழக்குரைஞரைத் தேடிப் போகிறான். எதிரே அரசின் வழக்குரைஞர் நிற்கிறார், அவனை மறுத்துப் பேசுவதற்கு!

தறியின்மேல் கைவைப்பது தமிழ்நாட்டு ஆட்சிகளுக்குப் புதிய பழக்கமன்று. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை உண்டு, செக்கிறை உண்டு, தட்டாரப்பாட்டம் உண்டு, அங்காடிப்பாட்டம் உண்டு. கோயில் சுவரில் அழகுறச் செதுக்கப்பட்ட அந்த வரிப்பட்டியலைப் படித்து நம் முன்னோரின் நிருவாகத் திறனை வியப்போர் வியக்கட்டும். பட்டியலில் பெயர் ஏறியவனிடம் முன்கூட்டிக் கேட்டார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. கும்பெனியார் வந்தபோது அதே சுமை ‘மொகத்தர்பா’ என்று அயற்பெயர் பூண்டது. தறிக்கு வரி, தச்சன் உளிக்கு வரி, தெருவோரம் கூடை வைத்தவளுக்கும் வரி.

அதை எதிர்த்து எழுந்த குரலும் பதிவாகியிருக்கிறது. 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தோற்றுவித்த கஜுலு லட்சுமிநரசு செட்டி தாமே ஒரு வணிகர். அச்சங்கம் அவ்வாண்டிலேயே இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விடுத்த விண்ணப்பத்தில் மொகத்தர்பாவும் ஒரு குறையாக இடம்பெற்றது. ஏழைத் தொழிலாளி கையாளும் கருவியின் விலையையே மிஞ்சி நிற்கிறது அதன்மேல் விழும் வரி என்று சங்கத்தார் முறையிட்டனர். கடல்கடந்த மன்றத்துக்குத்தான் அந்த முறையீடு போக வேண்டியிருந்தது. சென்னைக் கோட்டையில் வரி விதித்த மேசைக்குப் பக்கத்தில், உளிக்காரனுக்காக ஒரு நாற்காலி போடப்படவில்லை.

மதுரைக்கு வழக்குரைஞர் வாய்க்காமல் இல்லை. ‘ரோசாப்பூ துரை’ என்று இவ்வட்டார மக்கள் அன்போடு அழைத்த ஜார்ஜ் ஜோசப்பை நினைத்துப் பாருங்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையை எதிர்த்து மக்கள் பக்கம் நின்றார். ஆலைத் தொழிலாளர் சங்கம் கட்டினார். அவர் நின்றது வாயிலுக்கு வெளியே. வெளியே நிற்பவருக்கு நெஞ்சுரம் மிகுதியாக வேண்டும், மறுப்பில்லை. எனினும் வெளியே நிற்பவரின் கைக்கு எட்டுவது முடிந்துபோன ஆணைதான், முடிக்கப்படாத வரைவு அன்று.

வரைவிலேயே சிறியவனைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் மெல்லத்தான் வந்தது. 1939-இல் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் இருந்த சென்னை மாகாண அரசு பொது விற்பனைவரியைக் கொணர்ந்தது. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட வேண்டும் என்பது காரணம். வணிகர்கள் கொதித்தெழுந்தனர். ஆயினும் சட்டத்தில் ஒரு படிக்கட்டு இருந்ததை மறைப்பதற்கில்லை. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையாளருக்கு வரியில்லை. 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்குமேல் நூற்றுக்கு அரை. வரி வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். சிறியவன் வேறு, பெரியவன் வேறு என்று சட்டத்தின் வாயே ஒப்புக்கொண்டது ஒரு தொடக்கம்.

இனித் தறிக்கு வருவோம். மதுரையில் தறி என்பது ஒரு தெருவின் தொழில் அன்று, நகரத்தின் ஒரு பாதி. நாயக்கர் காலத்தில் வந்து அரண்மனையைச் சுற்றிக் குடியேறிய சௌராட்டிரர், நூலை முடிந்து சாயத்தில் தோய்த்துப் புள்ளிகளை மலரவைக்கும் சுங்கிடியால் ஊருக்குப் பெயர் தேடித் தந்தனர். சின்னாளப்பட்டியிலும் பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறிக்குழிகளில் கால்கள் மிதித்த வண்ணமே இருந்தன. ஊரின் நடுவே ஆர்வியின் ஆலை எழுந்தது. ஆலையின் நூல் தறிக்கு வந்தது. நூல் வரும்வரை ஆலை உறவு. துணியே வரத் தொடங்கியதும் ஆலை பகை. கரைபோட்ட வேட்டியையும் சேலையையும் எந்திரம் மலிவாக நெய்து குவித்தபோது, பாவு கட்டிய வீட்டில் உலை கொதிக்கவில்லை.

1952-53 ஆண்டுகளை மறந்தவர்கள் மறக்கட்டும். நெசவாளர் தெருக்கள் மறக்கா. துணி தேங்கிற்று, கூலி நின்றது, கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. ஊருக்கே ஆடை தந்தவர்கள் குவளையேந்தி வரிசையில் நின்றனர். அப்போது நடந்தது வரலாற்றிலே ஒரு விந்தை. முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியவையாக ஒதுக்கப்படவேண்டும் என்று டில்லியிடம் வாதாடினார். அவரை அரசியலில் அணுவளவும் ஒப்பாத அண்ணாவும் அவர்தம் தோழர்களும் 1953-இன் தொடக்கத்தில் கைத்தறித் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றனர். ஒருவர் கோப்பிலே வாதாடினார், மற்றவர் வீதியிலே வாதாடினார். கட்சிக்காரர் இருவருக்கும் ஒருவரே, நெசவாளர்!

டில்லி முழுவதும் இணங்கவில்லை. ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவை முந்தைய ஆண்டின் சராசரியில் 60 விழுக்காடாகக் கட்டுப்படுத்திற்று. ஆலைத்துணிக்குக் கசத்துக்கு 3 பைசா என்று ஒரு வரி போட்டு, அப்பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் ஒதுக்கிற்று. (அந்நாளைய பைசா, ரூபாய்க்கு 192.) சேலை ஒதுக்கீடு கிட்டவில்லை. ஒரு மாநிலத்தின் முதலமைச்சரே வழக்குரைஞராக நின்றும் பாதி வழக்குத்தான் வென்றது.

அடுத்து வந்தது நிபுணர்களின் காலம். 1954-இல் கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றிவிடலாம் என்றது. 1955-இல் கார்வே குழு, அவ்வாறு அவசரப்பட்டால் வேலையற்றோர் பெருகுவர் என்றது. இரண்டும் அரசு அமைத்த குழுக்களே, இடையே ஓராண்டுதான்! ஒன்று துணியை எண்ணிற்று, மற்றொன்று துணி நெய்யும் கைகளை எண்ணிற்று. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் தீர்ப்பின் பாதி அடங்கிக் கிடக்கிறது. 1974-இல் சிவராமன் குழு வந்தது. ஒரு விசைத்தறி ஓடத் தொடங்கினால் ஆறு கைத்தறிகள் ஓய்கின்றன என்று அது கணக்குக் காட்டிற்று. எளிய கணக்கு. பள்ளிப்பிள்ளைக்கும் புரியும். பிற்காலத்தில் கைத்தறியின் தரப்பைத் தாங்கிநின்ற தூண்களில் அதுவும் ஒன்று.

1985-இல் நாடாளுமன்றம் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றிற்று. குறிப்பிட்ட வகைத் துணிகளைக் கைத்தறியன்றிப் பிற தறிகள் நெய்யக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும். 1986 ஆகஸ்டில் 22 வகைகள் அறிவிக்கப்பட்டன. 1953-இல் கேட்டதற்கு விடை வர முப்பத்து மூன்று ஆண்டுகள்! விடை வந்த கையோடு தடையும் வந்தது. விசைத்தறியாளரும் ஆலையாளரும் உச்சநீதிமன்றத்தை நாடினர். தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது, சமத்துவம் சாகிறது என்பது அவர்கள் வாதம்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம். அந்த நீதிமன்றத்தில் அரசின் வழக்குரைஞர் யாருக்காகப் பேசினார்? வழக்கமாக அவர் உரிமக் கட்டணம் கட்டாத கடைக்காரனுக்கு எதிராக நிற்பவர். படிவம் தராத பட்டறைக்காரனுக்கு எதிராக நிற்பவர். அன்று அதே கறுப்பு அங்கி, குழித்தறியில் குந்தியிருப்பவனுக்காக எழுந்து நின்றது. குடிசைத் தொழில்களை வளர்க்க அரசு முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு கூறுகிறதே, அதை ஏட்டில் விட்டுவைக்கலாமா? வலியவனும் எளியவனும் ஒரே களத்தில் ஓடவேண்டும் என்பது சமத்துவமா? 1993 பிப்ரவரி 5-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும்! பர்வேஸ் அக்தர் வழக்கு என்று சட்ட நூல்கள் அதனைக் குறிக்கின்றன. எதிரே நின்றவர்களில் விசைத்தறிக்காரரும் இருந்தார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாலு தறி போட்ட அவரும் தம்மைச் சிறியவர் என்றுதான் சொல்லிக்கொண்டார்; அவர் கடனும் கடன்தான். சிறியவர்க்குள் சிறியவர் யார் என்று அளந்து பார்க்காமல் அந்த வழக்கில் ஒரு பக்கம் நிற்க முடிந்திராது. சிவராமன் குழுவின் கணக்கு அந்த அளவுகோலைத் தந்தது.

வெற்றி எவ்வளவு நாள் நின்றது? 1996-இல் அதே அரசு 22 வகைகளை 11 ஆகக் குறைத்தது. நீதிமன்றம் பறிக்க மறுத்ததில் பாதியை ஓர் ஆணை பறித்துக்கொண்டது. எஞ்சிய பதினொன்றிலும் விசைத்தறி நெய்து கைத்தறி என்று விற்பது நின்றபாடில்லை. அமலாக்க அலுவலர் வருமுன் செய்தி வந்துவிடுகிறது. மதுரைச் சுங்கிடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் முடிச்சே காணாத அச்சுப்புள்ளிச் சேலை அதே பெயரில் கடையில் தொங்குகிறது. நாட்டில் நெசவும் நெசவு சார்ந்த வேலையும் செய்வோர் 2009-10 கணக்கெடுப்பில் 43 இலட்சம். 2019-20 கணக்கெடுப்பில் 35 இலட்சம். நீதிமன்றத்தில் ஒருநாள் எழுந்து பேசிய வழக்குரைஞர், 1996-இல் பட்டியலைக் குறைத்த மேசையருகே இல்லை. அங்கே அவருக்கு வேலையும் இல்லை. அழைத்தால் வாதாடுவார், வழக்கு முடிந்தால் கட்டை அவிழ்த்து வைத்துவிடுவார். தொடர்ந்து காவல் இருப்பது அவர் பதவியின் கடமையாக வைக்கப்படவில்லை.

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம், விருதுநகர் கடந்து கரிசல் வெளியில் இறங்கினால் சிவகாசி. அங்கே இதே கதையின் மறுபக்கம் நமக்குக் காத்திருக்கிறது. வானம் பொய்த்த மண்ணில் வேளாண்மை பொய்த்தது. 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். ஸ்வீடன் நாட்டார் நிறுவனமாகிய விம்கோ எந்திரத்தால் செய்ததை இவர்கள் கையால் செய்தனர். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்திவரி வந்தது. பின்னர் உற்பத்தி அளவை வைத்துத் தொழிற்சாலைகள் வகுக்கப்பட்டுச் சிறியவற்றுக்கு வரிச்சலுகை தரப்பட்டது. எந்திரத்தோடு கை போட்டியிட முடிந்ததற்கு அச்சலுகையும் ஒரு காரணம்.

1967-இல் அந்த வகுப்பு முறை மாறிற்று. எந்திரத்தால் செய்வதா, கையால் செய்வதா என்பதே பெரும் பிரிவினை ஆயிற்று. கையால் செய்வோருள் நடுத்தரத்தையும் சிறியதையும் ஒரே தட்டில் நிறுத்திவிட்டீர்களே என்று வழக்குப் போட்டனர் சில உற்பத்தியாளர். சமமில்லாதவரைச் சமமாக நடத்துவதும் அநீதியே என்பது அவர்கள் வாதம், கூர்மையான வாதம். 1974-இல் மூர்த்தி மேட்ச் வொர்க்ஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போயிற்று. ஏழைபங்காளர் என்று பெயர் பெற்ற நீதிபதி! வரியை எப்படி வகுப்பது என்பது அரசின் கொள்கை, அதைத் திருத்தி எழுதுவது நீதிமன்றத்தின் வேலை அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். நாம் நீதிபதியைக் குறைகூற மாட்டோம். அவர் சொன்னது முறை. ஆனால் கொள்கை வகுக்கும் இடத்தில் போய்ச் சொல் என்றால், அந்த இடத்தின் கதவு எது, தட்டினால் திறப்பவர் யார்?

இதுவரை படித்த தோழர், சிறியவர் எல்லோரும் தூயவர் என்று நாம் சொல்வதாக எண்ணிவிட வேண்டா. சிறியதற்குச் சலுகை என்றதும், பெரியது தன்னைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கிக் காட்டக் கற்றுக்கொண்டது. முதலாளி ஒருவர், பெயர்ப்பலகை பல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை இருந்தால் 10 பேர், இல்லையேல் 20 பேர் என்று கோடு கிழித்தது. கோட்டுக்கு இப்பால் நிற்பதே ஒரு கலையாயிற்று. அந்தக் கலையின் விலையைக் கொடுத்தவர் யார்? விடியுமுன் கரிசல் கிராமங்களுக்குப் பேருந்து வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பெட்டி ஒட்டிய பிஞ்சு விரல்களும், சட்டத்தில் குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்களும் பள்ளிச் சிலேட்டைத் தொடவில்லை. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறிச் சிறாரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதியில் கட்டவேண்டும் என்று ஆணையிட்டது. கைத்தறி வகைகள் பாதியாகக் குறைந்த அதே ஆண்டு!

ஆதலால் சிறுதொழிலுக்கு ஒரு வழக்குரைஞர் வேண்டும் என்று நாம் கூறும்போது, ஏமாறாத வழக்குரைஞரைக் கேட்கிறோம். தறிக்காரனுக்காக ஆலையிடம் பேசுகிறவர், தறிக்காரனிடம் கூலிக்கு நெய்பவளையும் பார்த்திருக்க வேண்டும். ‘என் கட்சிக்காரர் ஏழை’ என்று சொல்லிவிட்டு, அந்த ஏழையின் கீழே ஒரு பத்து வயதுச் சிறுமி ஒளிந்திருப்பதைப் பாராமல் விடுபவர், பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியனைவிட எந்த வகையில் உயர்ந்தவர்?

இப்படி ஒரு பதவி உலகில் எங்கேனும் உண்டா என்று கேட்பார்க்கு, உண்டு என்போம். செல்வச் செருக்குள்ள பெருநிறுவனங்களின் நாடு என்று நாம் கருதும் அமெரிக்காவிலேயே உண்டு. 1976-இல் அங்கே ஒரு சட்டம், சிறுதொழில் நிருவாகத்துக்குள் ‘வாதாடும் அலுவலகம்’ ஒன்றை நிறுவிற்று. அதன் தலைமை வழக்குரைஞரைக் குடியரசுத் தலைவர் பெயர் குறிக்கிறார். செனட் சபை ஒப்புகிறது. சம்பளம் அரசுப் பணம். வேலை என்ன? அரசின் மற்ற துறைகள் விதி எழுதும்போது, ‘இதனால் சிறியவர்க்கு என்ன ஆகும்?’ என்று கேட்பது. 1980-இல் வந்த மற்றொரு சட்டம் அக்கேள்விக்குப் பல்லைத் தந்தது. சிறிய நிறுவனங்கள் பலவற்றைக் கணிசமாகப் பாதிக்கும் விதி என்றால், விதி எழுதும் துறை அந்தப் பாதிப்பை ஆராய்ந்து வெளியிடவேண்டும். சுமை குறைந்த மாற்று வழியையும் எடுத்து ஆராயவேண்டும். பாதிப்பில்லை என்று சொல்வதானால் அதற்கும் காரணம் காட்டிச் சான்றளிக்கவேண்டும். துறைகள் என்ன செய்தன? ‘பாதிப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு மூடிவைப்பது எளிதாக இருந்தது. கோப்பு எந்நாட்டிலும் கோப்புத்தானே! 1996-இல் சட்டம் திருத்தப்பட்டது. கடமை தவறிய துறையைச் சிறியவர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றாயிற்று. அத்தகைய வழக்கில் அந்தத் தலைமை வழக்குரைஞர் நீதிமன்றத்துக்குத் துணைசெய்யும் நண்பராக நின்று, தமக்குச் சம்பளம் தரும் அரசின் துறைக்கு எதிராகவே தம் கருத்தை எழுதித் தரலாம்.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. 500 பேர் வேலை செய்யும் ஆலையும் சிற்சில தொழில்களில் ‘சிறியது’ என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. சிறியவர் முகமூடியைப் பெரியவர் அணிகிறார் என்ற குற்றச்சாட்டு அங்கும் உண்டு. எனினும் 1996-இல் நம் கைத்தறிப் பட்டியல் குறைக்கப்பட்டபோது இல்லாத ஒருவர், அந்நாட்டு மேசையருகே நிற்கிறார். அவர் சொல்லை ஏற்காமல் விடலாம்; கேளாமல் விடுவது கடினம்.

நம் நாட்டில் அந்தப் பதவி துண்டுதுண்டாகத்தான் கிடக்கிறது. சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுத்தடிக்கும் பெரிய நிறுவனத்திடம் சிறுதொழிலாளர் வட்டியோடு வசூலிக்க 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 45 நாளுக்குமேல் தவணை போகக்கூடாது; போனால் வங்கி வீதத்தைப்போல மும்மடங்கு வட்டி. அதற்கான வசதியாக்கக் குழுக்களில் ஒன்று மதுரை வட்டாரத்துக்கும் அமைந்தது. நல்லதுதான். ஆனால் அது கடனை வாங்கித் தரும் மன்றம். விதி எழுதும் கையைப் பிடித்து நிறுத்தும் மன்றம் அன்று. 2014 பிப்ரவரியில் டில்லி அரசு ஒரு கொள்கை வகுத்தது. சட்ட வரைவுகளை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். பாதிக்கப்படுவோரின் வாழ்வுக்கும் பிழைப்புக்கும் என்ன நேரும் என்பதையும் கூடவே சொல்லவேண்டும். கொள்கை என்றால் கொள்கைதான். மீறினால் வழக்காடச் சட்டத்தின் பிடி அதற்கு இல்லை. வரைவு எந்த மொழியில் வருகிறது, செல்லூர்த் தறிக்காரன் அந்த 30 நாளில் எந்த நாள் அதைப் படிப்பான் என்பதை வாசகரே எண்ணிப் பார்த்துக்கொள்க.

அதே 2014-இல் வந்த தெருவோர வணிகர் சட்டத்தில் ஒரு விதை தென்படுகிறது. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதில் உள்ளாட்சிக்குச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில், நூற்றுக்கு 40-க்குக் குறையாத இடம் தெருவோர வணிகர்களுக்கே; அவர்களே தமக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும்; அவ்விடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. மதுரைக்காஞ்சி பாடிய பூக்காரியும் வெற்றிலைக்காரியும், ஆணை எழுதும் மேசைக்கு முன்னே முதன்முறையாக நாற்காலி பெறுகிறார்கள், ஏட்டளவிலாவது. அந்த நாற்காலியில் வந்து அமர்பவர் கூடை சுமந்தவளா, அவளுக்குத் தண்டல் கொடுத்து நாள்தோறும் வட்டி வாங்குபவரா என்பதை மாசி வீதிகளும் சித்திரை வீதிகளும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.